மக்கும் கவரை பாக்டீரியா தின்றுவிடுமா? குமரி மாவட்டத்தில் இது நடக்குமா?

மார்த்தாண்டம் கடைக்காரன்:
2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்த பிறகு நாங்கள் கூடுதல் விலை கொடுத்து மக்கும் கவர் வாங்குகிறோம். மீன் வாங்க வருகிறவர்கள் பை கொண்டு வருவதில்லை, வேறு வழியும் இல்லை. குப்பைக் கிடங்கில் பாக்டீரியா கரைசலைத் தெளித்தால் கவரெல்லாம் மண்ணாகிவிடும் என்கிறார்கள். அப்புறமும் மக்கும் கவர் மக்காது என்று ஏன் குறை சொல்கிறீர்கள்?

நாகர்கோவில் டீச்சர்:
அண்ணே, தின்னும். ஆனால் எந்தச் சூட்டில்? இந்தக் கவர்களில் பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம் என்ற, தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக் கலந்திருக்கும். அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலியை முதலில் ஈரமும் சூடும் அறுக்க வேண்டும். துண்டு துண்டானால்தான் பாக்டீரியா அதை உள்ளே இழுக்க முடியும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17088 சான்றுக்குரிய சோதனையே 58 டிகிரியில்தான் நடக்கிறது. 180 நாளுக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலிலும் மண் அந்தச் சூட்டில் மாதக்கணக்காக நிற்காது. சாணமும் இலைதழையும் சேர்த்து, கிளறி, முறையாக உரமாக்கும் குவியலில்தான் அந்தச் சூடு வரும். எல்லாம் கலந்து மழையில் ஊறும் குப்பை மேட்டில் எதைத் தெளித்தும் பயனில்லை.

குலசேகரம் ரப்பர்:
டீச்சர், அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். ஜப்பானின் சகாய் நகரில், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா கிடைத்ததாக 2016-இல் அறிவித்தார்களே. அதைவிட முக்கியம் பிஎச்பி. பாக்டீரியா தன் சாப்பாட்டுச் சேமிப்பாக உடலுக்குள் வைத்துக்கொள்ளும் ஒருவகை பிளாஸ்டிக் அது. 1926-இலேயே பிரான்சில் லெமோய்ன் கண்டறிந்தார். பாக்டீரியாவே செய்வதால் மண்ணிலும் கடலிலும் அதை உடைக்கும் நொதி வேறு பாக்டீரியாக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 58 டிகிரி வேண்டாம்.

நாகர்கோவில் டீச்சர்:
பிஎச்பி விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலை அதிகம், கடைக் கவராக அது வருவதில்லை. ஜப்பான் பாக்டீரியாவுக்கு மெல்லிய பெட் படலத்தைத் தின்னவே 30 டிகிரியில் ஆறு வாரம் ஆனது. தண்ணீர் பாட்டில் அதைவிடக் கெட்டி.

குளச்சல் கடலோரம்:
ஆய்வகக் கணக்கு இருக்கட்டும். பழையாற்றில் போடுவது மணக்குடிக் காயல் வழியாகக் கடலுக்குத்தான் வருகிறது. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் பாலிலாக்டிக் கவர் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வலையில் சிக்கினால் எங்களுக்குப் பழைய கவரும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். ‘மக்கும்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கூசாமல் வீசுகிறார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மார்த்தாண்டம் கடைக்காரன்:
அப்படியானால் கடைக்காரன் மட்டும் என்ன செய்ய? காசு கொடுத்து வாங்கும் கவரை உரக்கிடங்குக்குத் தனியாக எடுத்துப்போக ஒரு வண்டியும் வருவதில்லையே.

குலசேகரம் ரப்பர்:
அதைத்தான் கேட்க வேண்டும். கல்யாண மண்டபங்களில் தொடங்கலாம். வாழையிலை, எச்சில் சோறு, மக்கும் கவர் எல்லாம் ஒரே இடத்தில் சேர்கிறது. குவியலுக்குச் சூடேற அதுவே போதும், பாக்டீரியாவும் தானாக வரும்.

குளச்சல் கடலோரம்:
மண்டபத்தில் செய்யுங்கள், சரி. மீன் சந்தைக்கு மட்டும் கவரே வேண்டாம். பாத்திரம் கொண்டு வரட்டும்.