அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார்; ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

சேரன்மகாதேவி மகன்:

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. அப்பாவுக்கு 63 வயது. பிசான நடவு முடிந்த வாரம் காய்ச்சலும் இருமலும் வந்தன. ஊரில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு மறுபடி வயலுக்கே போனார். நான்காம் நாள் இரவு மூச்சு இழுக்கத் தொடங்கியது. 108-இல் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தோம்.

இன்றோடு எட்டு நாள் வென்டிலேட்டரில் இருக்கிறார். நுரையீரல் தொற்று செப்சிஸ் ஆகி, ரத்த அழுத்தம் இறங்கி, சிறுநீரும் குறைந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் சற்றுத் தேறினார். நேற்று மறுபடி காய்ச்சல். இது வென்டிலேட்டரால் வந்த புது நிமோனியாவாம்.

இன்று காலை ஓர் இளம் மருத்துவர் நான்கு பக்கத் தாளைக் கொடுத்தார். அப்பாவின் சளியிலும் ரத்தத்திலும் கொஞ்சம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கிறார்கள். "அவரை வைத்துச் சோதனை செய்து பார்க்கப் போகிறார்களா?" என்று அம்மா அழுகிறார். போடவே கூடாது என்கிறார் அத்தான். நாளை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர்க்காரன்:

போடாதீர்கள். என் பெரியப்பா ஐசியூவில் இருந்தபோதும் இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார்கள். படிக்கக்கூட நேரம் தரவில்லை. என்ன எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பாளை செவிலி:

தம்பி, நான் 26 வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தாளுக்கு வருகிறேன்.

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் சக்தியே நிலைதவறிச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் மூளையையும் தாக்குவதுதான் செப்சிஸ். நோய் நுரையீரலில் இருக்க, நாங்கள் மணிக்கொரு தடவை, கட்டிலில் தொங்கும் பையில் எவ்வளவு சிறுநீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது அதனால்தான்.

தொண்டையில் குழாய் இருப்பவரால் இருமித் துப்ப முடியாது. வாயில் ஊறும் எச்சில், குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனுக்கு மேலே தேங்கி, ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். குழாய் போட்டு 48 மணி நேரம் கழித்து வரும் நிமோனியா பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. நன்றாகக் கவனிக்கும் இடத்திலும் வரும், கவனம் குறைந்தால் கூடுதலாக வரும். பார்சிலோனாவில் 86 பேரிடம் பார்த்து 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தலைமாட்டை 45 பாகை உயர்த்திய 39 பேரில் 3 பேருக்கும், மட்டமாகப் படுக்கவைத்த 47 பேரில் 16 பேருக்கும் நிமோனியாவின் அறிகுறிகள் தெரிந்தன. கட்டிலின் கைப்பிடியைச் சுழற்றுவது மட்டும்தான் வேலை! நான் பணியில் சேர்ந்த புதிதில் எத்தனையோ பேரை மட்டமாகக் கிடத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. அப்பாவைப் பார்க்கப் போகும்போது தலைமாடு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு மார்கழியில் பீடி சுற்றும் அம்மா ஒருவர் இதே போல மூச்சுத் திணறி வந்தார். எந்த மருந்துக்கும் காய்ச்சல் விடவில்லை. மறுநாள் விடியற்காலை உடம்பு துடைக்கும்போது, பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. சிகரெட்டால் சுட்டது போல, விளிம்பு மட்டும் சிவந்து. வலிக்காத புண், அதனால் அவருக்கே தெரிந்திருக்கவில்லை. உடனே மருத்துவரை அழைத்துக் காட்டினேன். உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. அந்த அம்மா பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார். உங்கள் அப்பா வயலில் கிடப்பவர். அதற்கும் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த நோய் முற்றியவர்களுக்கு எந்த மருந்து நல்லது என்று நம் நாட்டிலேயே ஏழு மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 800 பேரிடம் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று வகை. மரணம், விடாத காய்ச்சல், தீராத சிக்கல் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று, சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு இருந்தது; தனியாகக் கொடுத்தவர்களில் 47, 48 சதவீதம். மரணத்தை மட்டும் எடுத்தால் வித்தியாசம் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நினைவு தப்பிக் கிடந்தவர்களுக்காக உங்களைப் போல ஒரு மகனோ மகளோதான் தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

ஆனால் படித்துத்தான் போட வேண்டும். நாளை அந்த மருத்துவரை உட்காரவைத்துக் கேளுங்கள்: மாதிரி மட்டும் எடுப்பார்களா, புது மருந்து ஏதாவது கொடுப்பார்களா? இரண்டும் வேறு வேறு. சளி, சிகிச்சைக்காக எப்படியும் உறிஞ்சி எடுப்பதா, ஆய்வுக்கென்று தனியாக எடுப்பதா? ரத்தம் எத்தனை மில்லி, எத்தனை தடவை? தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது, போட்ட பிறகும் விலகிக்கொள்ளலாம். அப்பாவுக்கு நினைவு திரும்பினால் அவரிடமும் கேட்க வேண்டும்.

வள்ளியூர்த் தம்பி, உங்களுக்கு நடந்தது தவறு. படிக்க நேரம் தராமல் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்றே சொல்ல முடியாது.

சேரன்மகாதேவி மகன்:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். மருந்து எதுவும் இல்லை, மாதிரி மட்டும்தான். சளி தினமும் உறிஞ்சுவதிலிருந்தே எடுப்பார்களாம். ரத்தம் இரண்டு தடவை, ஐந்து ஐந்து மில்லி. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்காமல் போகிறது என்று பார்க்கிறார்களாம். உண்ணிக் காய்ச்சலுக்கு முதல் நாளே பரிசோதித்துவிட்டார்கள், இல்லை என்று வந்திருக்கிறது. அம்மாவே "போடு" என்றார். போட்டுவிட்டேன். தலைமாடு உயர்ந்துதான் இருந்தது. அப்பாவின் காலைத் தொட்டேன், விரலை அசைத்தார்.

வள்ளியூர்க்காரன்:

நல்லது. அப்பா தேறி வரட்டும். அக்கா, பெரியப்பாவிடம் என்ன எடுத்தார்கள் என்று இப்போது கேட்க முடியுமா? அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பாளை செவிலி:

கேட்கலாம் தம்பி. ஆய்வு செய்யும் மருத்துவமனையில், ஆய்வுகளுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். பெரியப்பாவின் பெயர், சேர்ந்த தேதி, உள்நோயாளி எண் மூன்றையும் எழுதி அந்தக் குழுவின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் அதன் நகலையும் இணைத்துவிடுங்கள்.