லார்ச் ஊசிகளை உதிர்ப்பதும் பைன் வைத்திருப்பதும் ஏன்?

மலைச்சாரல் (கேள்வி):
ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த காடுகளில் ஐரோப்பிய லார்ச் மரமும் செம்ப்ரா பைன் மரமும் அருகருகே வளர்கின்றன. இரண்டும் ஊசியிலை மரங்களே. ஆயினும் லார்ச் அக்டோபரில் பொன்னிறமாகி ஊசிகள் அனைத்தையும் உதிர்த்துவிட, பைன் குளிர்காலம் முழுவதும் பசுமையாகவே நிற்கிறது. ஒரே குளிரைச் சந்திக்கும் இரண்டும் ஏன் எதிரெதிரான வழிகளில் செல்கின்றன? அவற்றுக்கு மேலே மரமே இல்லாமற் போவதற்கும் குளிர்காலக் கடுமைதான் காரணமா?

வேர்முடிச்சு:
முதற் கேள்விக்கு விடை, குளிரைவிட நீரில்தான் இருக்கிறது. குளிர்காலத்தின் பிற்பகுதியில் வெயில் ஊசிகளைச் சூடாக்கி நீரை ஆவியாக்கும்போது, மண்ணும் அடிமரமும் உறைந்திருப்பதால் இழந்த நீரை வேர்களால் ஈடுசெய்ய இயலாது. மெழுகுப் பூச்சுள்ள தடித்த ஊசிகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் பைன் இந்த இழப்பைக் கட்டுப்படுத்துகிறது. லார்ச்சோ இழக்க இலையே இல்லாமல் நிற்கிறது. அதன் மெல்லிய ஊசிகள் கோடையில் விரைவாக உணவு தயாரிக்கும், ஆனால் அதற்கு நிறைந்த வெளிச்சம் வேண்டும். ஆகவே பனிச்சரிவு துடைத்துச் சென்ற வெற்றிடங்களிலும் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களிலும் காற்று சுமந்துவரும் அதன் சிறகு விதைகளே முந்திக்கொள்கின்றன. செம்ப்ரா பைனின் விதைகள் கனமானவை, சிறகற்றவை. காக்கை இனத்தைச் சேர்ந்த நட்கிராக்கர் பறவை உணவுக்காகப் புதைத்து, பின்னர் எடுக்காமல் விட்டவையே பெரும்பாலும் முளைக்கின்றன. அந்நாற்றுகள் லார்ச்சைவிட நிழலைத் தாங்குவதால், இடையூறு ஏதுமில்லாவிட்டால் காலப்போக்கில் காடு பைன் வசமாகிவிடும்.

உயரவியல்:
இரண்டாவது கேள்விக்கு என் விடை: இல்லை. நன்கு பழகிய செம்ப்ரா பைன் நடுக்குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரையிலும் தாங்கக்கூடியது. மர எல்லையைத் தீர்மானிப்பது கோடையின் வெப்பப் பற்றாக்குறையே. உலகின் பல மலைகளிலும் வளர்பருவச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசாகக் குறையும் இடத்தில் காடு முடிகிறது. அந்தக் குளிரிலும் ஒளிச்சேர்க்கை நடக்கும். புதிய திசுக்களை உருவாக்கும் பணிதான் தடைபடும். நிமிர்ந்த மரத்தின் உச்சி காற்றின் வெப்பநிலையிலேயே இருக்க, தரையோடு ஒட்டிய செடிகள் வெயில் நாளில் காற்றைவிட 10 பாகைக்கும் மேல் சூடாகும். மரமில்லாத உயரத்தில் குள்ள வில்லோ செழிப்பதன் காரணம் இதுவே.

மலைச்சாரல்:
அப்படியானால் மரக்கன்றுகளும் தரையோடு ஒட்டியவைதாமே? அவை ஏன் எல்லையைத் தாண்டிக் காடாகவில்லை?

உயரவியல்:
தாண்டுகின்றன, எல்லைக்கு மேலேயும் கன்றுகளைக் காணலாம். ஆனால் வளர்ந்து காற்றில் தலைநீட்டியதும் அந்தச் சாதகம் போய்விடுவதால், பல முறுக்கிய குட்டை உருவங்களாகவே நின்றுவிடுகின்றன.

வேர்முடிச்சு:
கன்றுகளுக்கு வெண்பனி இருமுனைக் கத்தி என்பதையும் சேர்க்கவேண்டும். மூடியிருக்கும்வரை அது உலர்வதிலிருந்து காக்கும்; ஆல்ப்ஸ் ரோஜா எனப்படும் ரோடோடென்ட்ரான் புதர்கூடப் பனிப்போர்வைக்கு வெளியே நீட்டிய கிளைகளை உலர்ந்து இழக்கும். அதே பனி வசந்தத்தில் நெடுநாள் கிடந்தாலோ, அடியில் பரவும் பூஞ்சைகள் பைன் கன்றுகளின் பசுமையான ஊசிகளைத் தாக்கி அழிக்கும். சுவிட்சர்லாந்தில் தாவோசுக்கு அருகே ஸ்டில்பெர்க் சரிவில் 1975-இல் லார்ச், செம்ப்ரா பைன், மலைப் பைன் ஆகியவற்றின் சுமார் 92,000 கன்றுகள் நடப்பட்டன. இரு பைன் இனங்களிலும் பெரும்பகுதி மடிந்துபோக, அதிகமாகப் பிழைத்திருப்பது ஊசி உதிர்க்கும் லார்ச்தான்.