கீமோவுக்குப் பிறகு முடி கொட்டுகிறது, யாராவது பேசுங்களேன்

கேள்வி (களியக்காவிளை):
திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் முதல் கீமோ முடிந்து 17 நாள் ஆகிறது. காலையில் சீப்பு நிறைய முடி, மகள் பார்ப்பதற்குள் காகிதத்தில் சுருட்டி ஒளித்துவிட்டேன். இதைக் கடந்து வந்த அக்காமார் யாராவது இருக்கிறீர்களா?

பதில் (மார்த்தாண்டம்):
மக்களே, எனக்கும் அப்படித்தான். இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டும், மருந்து முடிந்ததும் திரும்ப முளைக்கும். நான் மகளையே கூப்பிட்டு ஒட்ட வெட்டச் சொன்னேன், வெட்டும்போது அவள் கை நடுங்கியது, ஆனால் அதற்கப்புறம் வீட்டில் ஒளிக்க எதுவும் இல்லை.

பதில் (செங்கோட்டை):
காய்ச்சல் 100.4 டிகிரி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டியை அகற்றியிருந்தால், அந்தக் கை வீங்குகிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
சரி அக்கா. அடுத்த ஊசி செவ்வாய்க்கிழமை, தனியாகத்தான் போகிறேன்.

பதில் (மார்த்தாண்டம்):
தனியாக வேண்டாம். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் ஆறு மணிக்கு நிற்பேன், கஞ்சித்தண்ணி நான் கொண்டுவருகிறேன்.