பூநகரியில் கிணற்று நீர் மதியத்துக்குள் சவராகிறது: உதவி தேவை

பூநகரித் தோட்டம்:
வணக்கம். களப்பிலிருந்து அதிக தூரமில்லாத எங்கள் தோட்டக் கிணறு இந்தக் கோடையில் மாறிவிட்டது. காலையில் அளந்தால் மின்கடத்துதிறன் (நீரில் உப்பு கூடக் கூட ஏறும் அளவு) 1,900 மைக்ரோசீமன். பம்பைப் போட்டு இறைத்தபின் மதியம் 3,400. இரவு விட்டுவைத்தால் மறுநாள் மீண்டும் இறங்கிவிடுகிறது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகுகிறது. கிணற்றை ஆழமாக்கிப் பெரிய பம்ப் பூட்டலாம் என்கிறார் மாமா. ஜிப்சம் (மண்ணைத் திருத்தப் போடும் கல்சியத் தூள்) போட்டால் சரியாகும் என்கிறார் அயலவர். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மச்சானோ, அங்கே நிலக்கரிச் சுரங்க நீரும் உவர்தான், அதைச் சமாளிக்க முறை வைத்திருக்கிறார்கள் என்கிறார். அது எங்களுக்கு உதவுமா? குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் பயமாக இருக்கிறது.

வவுனியா நிலநீர்:
தயவுசெய்து ஆழமாக்காதீர்கள். உங்கள் அளவீடுகளே காரணத்தைக் காட்டுகின்றன. இறைக்கும்போது ஏறி, ஓய்வு கொடுத்தால் இறங்குகிறது என்றால், அடியிலிருக்கும் உவர்நீரைப் பம்ப் மேலே இழுக்கிறது. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே அரை மீற்றர் குறைந்து அப்படியே நின்றால், நாளடைவில் அடியில் 20 மீற்றர் பறிபோகும். ஆழமாக்குவது உவரை நோக்கி நீங்களே இறங்கிப் போவதாகும்.

குடிநீரை இன்றே மாற்றுங்கள். கொதிக்க வைத்தால் உப்பு போகாது. நீர் வற்றி இன்னும் செறிவாகும். அம்மாவுக்குப் பவுசர் நீரோ மழைநீரோ கொடுங்கள். கிணற்று நீரின் மாதிரியை நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து, குளோரைட்டுடன் நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டக் கிணறுகளில் பசளையிலிருந்து நைத்திரேற்று இறங்கும். அது நாக்குக்குத் தெரியாது.

சுரங்கத்து அண்ணன்:
தம்பி, நான் நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலத்தடிச் சுரங்கமொன்றில் நீர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் உங்கள் பக்கத்து முழங்காவில்தான். மச்சான் சொன்னது உண்மை. இங்கே நிலக்கரிப் படுகைகளோடு கடலடியில் படிந்த பாறைகளும் இருப்பதால், உள்ளே கசியும் நீர் உப்பாக வரும். அதை வெளியேற்றாவிட்டால் யாரும் உள்ளே நிற்க முடியாது. கரியை எடுத்த பின் கூரை இடிந்து விழ, பாறை வெடித்து நீருக்குப் புதுப் பாதைகளும் திறக்கும்.

அந்த உப்பை யாரும் அழித்துவிடுவதில்லை. நீரைத் தேக்கி, கரி கழுவவும் தூசி அடக்கவும் திரும்பப் பயன்படுத்துகிறோம். மிச்சத்தை ஹண்டர் ஆறு பெருகி ஓடும்போதுதான் அதில் விடலாம். ஆறு மெலிந்து கிடக்கும்போது ஒரு சொட்டும் விடக்கூடாது. ஆறு தாங்கக்கூடிய உப்பை 1,000 பங்குகளாகப் பிரித்து, சுரங்கங்களும் மின் நிலையங்களும் அவற்றை வாங்கவும் விற்கவும் விட்டிருக்கிறார்கள். 1995இல் சோதனையாகத் தொடங்கிய திட்டம் 2002இல் சட்டமானது. ஆற்றங்கரை ஊரான சிங்கிள்டனில் ஆற்று நீர் 900 மைக்ரோசீமனைத் தாண்டக்கூடாது என்பது இலக்கு.

உங்களிடம் பெருகி ஓடும் ஆறு இல்லை, மாரி இருக்கிறது. உப்பைக் கழுவ அதுதான் தருணம். நாங்கள் நீரைத் தொலைக்க இறைக்கிறோம், நீங்கள் பிழைக்க இறைக்கிறீர்கள். ஆகவே மெதுவாக இறையுங்கள். பாய்ச்சலைக் குறைத்து, காலையும் மாலையும் பிரித்து, மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். எந்த வேகத்தில் இறைத்தால் மின்கடத்துதிறன் ஏறாமல் நிற்கிறதோ அதுவே உங்கள் கிணற்றின் அளவு. நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பூட்டினால், அது கழித்துவிடும் நீரைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள். இங்கேயும் பெரிய தலையிடி அந்தக் கழிவுநீர்தான்.

பூநகரித் தோட்டம்:
மிக்க நன்றி அண்ணா. மாமாவிடம் இரண்டு பதில்களையும் வாசித்துக் காட்டினேன். கிணறு வெட்டுபவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜிப்சம்?

வவுனியா நிலநீர்:
சோடியம் ஏறி மண் இறுகிப் போயிருந்தால் ஜிப்சம் உதவும், அதுவும் அதைக் கழுவிப்போக நல்ல நீர் கிடைத்தால்தான். நீரிலுள்ள உப்பை அது குறைக்காது. இப்போது பணத்தைச் செலவழிக்காதீர்கள். வரம்புகளை உயர்த்தி மாரி மழையைத் தோட்டத்திலேயே நிற்க விடுங்கள். அது கிணற்றையும் நிரப்பும்.

பூநகரித் தோட்டம்:
மதியத்துத் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

வவுனியா நிலநீர்:
தென்னை தாங்கும். வெங்காயத்துக்கு வேண்டவே வேண்டாம். உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி பாசன நீர் 800 மைக்ரோசீமனைத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். 2,900இல் பாதி போய்விடும். காலை நீரே அதற்குக் கூடுதல்தான். அடுத்த போகத்துக்கு வேறு பயிரை யோசியுங்கள்.