‘ங்க’ போட்டால் மரியாதையா? கொங்கு நாட்டில் எங்கள் அனுபவங்கள்

வைகைக்கரை:
மதுரைப் பக்கத்தில் வளர்ந்த நான், வங்கி வேலையாகக் கோபிசெட்டிபாளையத்துக்கு வந்த முதல் வாரத்தில், ஒரு தாய் தன் நான்கு வயது மகனிடம், “வாங்க சாமி, சோறு உண்ணுங்க” என்று கெஞ்சியதைக் கேட்டுத் தெருவிலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மா அப்படி அழைத்தால் அடி விழப்போகிறது என்று பொருள்.

அந்த மரியாதையின் மறுபக்கம் பிடிபட இரண்டு மாதங்கள் ஆயின. மஞ்சள் விவசாயி ஒருவரிடம் பழைய கடனைப் புதுப்பிக்கச் சொன்னபோது, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “பாக்கலாமுங்க” என்றார். ஒப்புக்கொண்டார் என்று நம்பி, தாள்களையெல்லாம் தயார் செய்து காத்திருந்தேன், அவர் வரவேயில்லை. உடன் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் சிரித்துவிட்டு, “அவரு அன்னிக்கே மாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்க, உங்களுக்குத்தான் கேக்கலீங்க” என்றார்.

கருங்கல்பாளையம்:
எங்கள் ஈரோட்டு மாட்டுச் சந்தையில் மரியாதை வாயிலேயே இல்லை. தரகர் துண்டுக்கடியில் கையைப் பற்றி விரல்களால் விலை பேசுவார். குறைத்துக் கேட்டது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாததால் மாட்டுக்காரருக்குத் தலைகுனிவு இல்லை. சிறுவயதில் ஒரு வியாழக்கிழமை, “எவ்வளவுங்க கேட்டீங்க?” என்று நான் உரக்கக் கேட்டுவிட்டேன். ‘ங்க’ போட்டும் பயனில்லை. வீடு திரும்பும் வரை அப்பா என்னிடம் பேசவில்லை.

நொய்யல்:
அந்த ‘ங்க’ எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. அருந்ததியரான என் தாத்தா, ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். தோட்டக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையனை அவர் “சாமி” என்பார். அந்தப் பையன் அறுபது வயதுக்காரரை “டேய், இங்க வாடா” என்பான். தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்த காலம் அது.

நான் இப்போது திருப்பூரில் சிறிய பனியன் தையல் யூனிட் நடத்துகிறேன். சென்ற மாதம் ஜாப் ஒர்க் பேச வந்த ஒருவர், “ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா” என்று வாய் நிறைய விசாரித்தார். பேச்சுவாக்கில் எந்த ஊர் என்றார், சொன்னேன். ஊருக்குள் எந்தப் பக்கம் என்றார், அதையும் சொன்னேன். அதன்பின் அவர் என்னை ஒருமையிலும் விளிக்கவில்லை, பன்மையிலும் விளிக்கவில்லை. “ஓவர்லாக் மிஷின் எத்தனை இருக்குது? சரக்கு எப்ப ரெடியாகும்?” என்று, எதிரில் ஆளே இல்லாததைப் போல அரை மணி நேரம் பேசி முடித்தார்.