பாதி மாத்திரை உண்மையில் பாதிதானா?

சந்தேகப்பிராணி:
அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆம்லோடிபின் தினம் 2.5 மி.கி. போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் இருப்பது 5 மி.கி., அதனால் கத்தியால் உடைத்துக் கொடுக்கிறேன். நேற்று சும்மா இருக்காமல் மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். முழு மாத்திரை 200 மி.கி. எடை, உடைத்தால் ஒரு துண்டு 112, இன்னொன்று 86, மீதி 2 தூளாகப் போச்சு. அதாவது ஒரு நாள் 2.8 மி.கி. மருந்து, மறுநாள் 2.15. தினமும் தப்பான அளவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேனா?

மாத்திரைக்காரன்:
பயப்படாதீர்கள். நடுவில் கோடு போட்ட மாத்திரைகளுக்கு ஐரோப்பிய மருந்துத்தர நூலில் ஒரு சோதனை இருக்கிறது. 30 மாத்திரையை உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மட்டும் எடுத்து நிறுப்பார்கள். சராசரி எடையில் 85 முதல் 115 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று வெளியே போகலாம், அதுவும் 75–125ஐத் தாண்டக் கூடாது. உங்கள் இரண்டு துண்டும் உள்ளேதான், 86 மட்டும் மயிரிழையில். தவிர, ஆம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும், அதனால் இன்றைய கூடுதலும் நாளைய குறைவும் கிட்டத்தட்ட சரிக்கட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனியுங்கள், இன்று பெரிய துண்டு என்றால் நாளை அதே மாத்திரையின் சின்னத் துண்டு. அட்டை முழுக்க உடைத்து டப்பாவில் கொட்டி, கைக்கு வந்ததை எடுக்காதீர்கள். ஈரம் பட்டுக் கெடுவது வேறு.

கறார்_அக்கா:
இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் உடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின் மாதிரியானவற்றில் வேலை செய்யும் அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, அங்கே இந்த ஏற்றத்தாழ்வைச் சாதாரணமாக விட முடியாது. மெதுவாக மருந்தை விடும் வகையாக இருந்தால் இன்னும் மோசம், நிஃபெடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தில் அப்படிப்பட்டதை உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டியது சீக்கிரமே இறங்கிவிடும். அந்த வகையிலும் கோடு போட்ட மெட்டோப்ரோலால் சக்சினேட் (இதுவும் ரத்த அழுத்தத்துக்குத்தான்) விதிவிலக்கு: பாதியாக உடைக்கலாம், மென்று தின்னக் கூடாது, பொடிக்கவும் கூடாது. சரி, உங்கள் மாத்திரையில் கோடு இருக்கிறதா?

சந்தேகப்பிராணி:
இப்போதுதான் பார்த்தேன் அக்கா, இல்லை. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் மொழுமொழு.

மாத்திரைக்காரன்:
அடடா, இதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அப்படியென்றால் நான் சொன்ன சோதனை உங்கள் மாத்திரைக்குப் பொருந்தாது, நீங்கள் எடை பார்த்த ஒன்று தேறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆம்லோடிபின் 2.5 மி.கி.யிலேயே வருகிறது, டாக்டரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை கத்தி வேண்டாம், மாத்திரை வெட்டும் சின்ன டப்பா வாங்கி அன்றன்றைக்கு வெட்டுங்கள்.

சந்தேகப்பிராணி:
சரி, நாளைக்கே கேட்கிறேன். இன்று சின்னத் துண்டின் முறை.