மறுமொழி: 'வளச் சாளரம்' வேண்டாம், 'கருக்கூடும் நாட்கள்' எப்படி?

அன்பின் நண்பர்களுக்கு,

மாதவிடாய்ச் சக்கரத்தில் கரு உண்டாகக்கூடிய நாட்களுக்கு (ஆங்கிலத்தில் fertile window) தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, அதில் வந்த ஒரு மடலுக்கு இது பதில்.

> 'வளச் சாளரம்' என்று வைத்தால் எல்லாருக்கும் விளங்கும்.

யாருக்கு விளங்கும் ஐயா? யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் மிட்வைஃப் அக்கா "உங்கட வளச் சாளரம் எப்ப?" என்று கேட்டால், முன்னால் இருக்கிற பிள்ளை எந்த யன்னலைத் திறக்கிறது என்றுதான் பார்க்கும். அமெரிக்க மிசன் வைத்தியரான கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்திருக்கிறார். நாங்கள் இன்னும் யன்னலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெயர் எந்தப் பொருளுக்கு என்பதில்தான் போன கிழமை மடல்கள் எல்லாம் குழம்பின. சூலகத்திலிருந்து வெளியேறிய சூல், அதாவது பெண்ணின் முட்டை, உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே சூல் வெளியேறும் நாளும் அதற்கு முந்திய 5 நாட்களும் சேர்ந்த 6 நாட்களுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

'கருத்தங்கும் நாட்கள்' ஊர்ப்பேச்சுக்குக் கிட்ட நிற்கிற சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் கரு கருப்பைச் சுவரில் பதிவது சூல் வெளியேறி ஒரு கிழமை அளவில் கழித்து, அதனால் அந்தப் பெயர் வேறு நாட்களைக் காட்டிவிடும். 'பாதுகாப்பற்ற நாட்கள்' கூடவே கூடாது. பிள்ளைக்கு ஏங்குகிறவளிடம் போய் அப்படிச் சொல்வதா? 'ருதுகாலம்' பழைய ஆயுர்வேத நூல்களில் இதே பொருளில்தான் வரும். இங்கே ருது என்றால் பிள்ளை வயதுக்கு வந்ததற்குச் செய்யும் சாமத்தியவீடும் தண்ணீர் வார்ப்பும் மட்டுமே நினைவுக்கு வரும்.

தொல்காப்பியக் கற்பியலில், 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்', அதாவது மாதவிடாயை அடுத்த 12 நாளும், தலைவன் நீங்கி உறையக்கூடாது என்று இருக்கிறது. உரையாசிரியர்கள் அதைக் கருத்தோன்றும் காலத்தோடு சேர்த்துத்தான் விளக்குவார்கள். 12 நாள் இன்றைய கணக்குக்கு அகலம். சரி, ஒரு நாளாகச் சுருக்காமல் காலமாகப் பார்த்தார்களே.

நான் முன்வைப்பது 'கருக்கூடும் நாட்கள்'. வரக்கூடும், நடக்கக்கூடும் என்கிறபோது இருக்கும் நிச்சயமின்மை இந்தச் சொல்லிலும் ஒலிக்கிறது, அது வேண்டும். நாள் தவறாமல் சேர்ந்திருந்தாலும் ஒரு சக்கரத்தில் கரு உண்டாகாமல் போவதே அதிகம். ஓராண்டு முயன்றால்தான் நூற்றுக்கு ஏறத்தாழ 85 சோடிகளுக்குக் கரு உண்டாகும். 'கூடல்' என்ற பொருள் வெட்கமாக இருக்கிறது என்று யாராவது எழுதுவீர்கள். விசயமே அதுதானே!

விளக்கக் குறிப்பில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 14ஆம் நாள் என்கிற கணக்கு 28 நாள் சக்கரத்துக்கு உரியது. சூல் வெளியேறுவதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் இடையில்தான் ஏறத்தாழ 14 நாள். நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் அதற்கு முந்திய பகுதி. 35 நாள் சக்கரம் உள்ளவளுக்குக் கருக்கூடும் நாட்கள் 16ஆம் நாளளவில் தொடங்கி 21இல் முடியும். 24 நாள்காரிக்கு 5ஆம் நாளே தொடங்கிவிடும், சிலருக்கு இரத்தம் முழுதாக நிற்கும் முன்பே. மாதாமாதம் மாறுகிற சக்கரத்துக்கு சக்கரத்தின் நீளத்தில் 14ஐக் கழிக்கிற இந்தக் கணக்கு சரிவராது என்பதையும் எழுதிவிடுவோம்.

ஒருமையில் 'கருக்கூடுநாள்' என்று சேர்த்து எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'சூல்கொள்ளல்' பற்றி வேறு மடலில் சண்டை பிடிப்போம்.